தாஹியின் மகன் காலையில் எங்கே தேநீர் குடிக்கிறான்

நஜ் அல்-ஹல்ஃபா
11 ஜனவரி 1979

அன்பு மகள் ரிஹாபுக்கு, உன் பெரிய வாப்பா தொஹாமி சொல்லச் சொல்ல, தபால் நிலையத்து எழுத்தர் வீஸா எழுதுவது. அல்லாஹ்வின் சாந்தி உன்மேல் இறங்கட்டும். கெய்ரோக் குளிர் உன் நெஞ்சைப் பிடிக்கவில்லையே? எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். உன் உம்மாவுக்கு வலக்கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. எருமை கன்று போட்டது.

செவ்வாய்க்கிழமை உன் ரேடியோ நிகழ்ச்சியைத் தேநீர்க்கடையில் கேட்டோம். நீ அறிஞர்களைக் கேள்வி கேட்கும் விதம் எனக்குப் பிடிக்கும். போன மாதம் உப்பை ஆராயும் அந்த அம்மாளிடம், "உங்க வீட்டுச் சோத்துல உப்பு சரியா இருக்குமா?" என்று கேட்டாயே, கடையே சிரித்தது. எழுத்து தெரியாத எங்களுக்கும் அன்று உப்பு விளங்கியது.

இந்தச் செவ்வாய் யாரும் சிரிக்கவில்லை. தேள் விஷத்துக்கு மருந்து செய்யும் உன் டாக்டர் நுஃமான் ஃபரஜ், சின்ன வயதில் தேள் பிடித்த விதத்தைச் சொன்னார். கழுதை வால் மயிரில் தேன்மெழுகு உருட்டி, வளைக்குள் விட்டு, தேள் கவ்வியதும் சுண்டி இழுப்பாராம். வாப்பா கற்றுக்கொடுத்தாராம். என் எழுபது வயதில் அப்படித் தேள் பிடித்த ஒரே ஒருவனைத்தான் கண்டிருக்கிறேன். தாஹி ஜபாலி. உன் வாப்பாவை, என் தம்பி ருஷ்வானை வெட்டியவன்.

கடையில் பதினோரு பேர் இருந்தோம். "தாஹி மவன்டா இது" என்றான் ஒருவன். "அவன் செத்துட்டான்னாங்களே?" "செத்தவன் ரேடியோவுல பேசுவானாடா, கழுத?" உன் தம்பி பக்ரி எழுந்துபோய் ரேடியோப் பெட்டியின்மேல் காதை வைத்துக்கொண்டான்.

அந்த டாக்டரின் உண்மைப் பெயரைக் கேட்டு எழுது. பக்ரி என் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறான். உனக்கு சலாம் சொல்கிறான்.

உன் நலம் நாடும்
தொஹாமி (கைரேகை)

---

கெய்ரோ
27 ஜனவரி 1979

மதிப்புக்குரிய பெரிய வாப்பாவுக்கு, ரிஹாபின் சலாம். உங்கள் முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் அனுப்பியிருக்கிறேன். உம்மாவின் கண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பக்ரி உங்கள் தோளுக்குப் பின்னால் நின்றான் என்று எழுதியிருந்தீர்கள். எனவே வீஸா மாமா இதை உங்களுக்குத் தனியாகப் படித்துக் காட்டட்டும்.

அவர் பெயரைக் கேட்க மாட்டேன். கேட்டு உங்களுக்கு எழுதவும் மாட்டேன். அந்த மனிதர் நாள் முழுக்கத் தேள்களுக்குக் கரப்பான் ஊட்டுகிறார். விஷத்தைச் சொட்டுச் சொட்டாக எடுத்து, குதிரைக்கு ஏற்றி, குதிரை ரத்தத்திலிருந்து மருந்து செய்கிறார். அந்த மருந்தால் பிழைத்த நான்கு வயதுப் பெண் ஒருத்தியை நானே தூக்கி வைத்திருந்தேன். அவர் தாஹியின் மகனாகவே இருக்கட்டும். வாப்பாவை வெட்டியபோது அவருக்கு என்ன வயது? ஒன்பதா? தாஹியும் கட்டிலில் செத்து இருபது வருடம் ஆகிறதே. இன்னும் யாரை யார் பிடிக்க வேண்டும்?

இரண்டாம் பகுதி பிப்ரவரி பதின்மூன்றில் வருகிறது. ஆராய்ச்சியைப் பேசும் முன் மனிதனைக் காட்டிவிட வேண்டும் என்பது என் வழக்கம். எத்தனை மணிக்கு எழுகிறார், என்ன தின்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்பேன். ஆளைப் பார்த்துவிட்டால் அவர் வேலையைப் பார்க்க மக்களுக்குத் தடையில்லை. நீங்களும் கேளுங்கள், உங்களுக்குப் பிடிக்கும்.

அன்புடன்
ரிஹாப்

---

நஜ் அல்-ஹல்ஃபா
8 பிப்ரவரி 1979

அன்பு மகள் ரிஹாபுக்கு, பெரிய வாப்பாவின் துஆ. தைலம் வந்தது. முழங்கால் கேட்கிறது, வயது கேட்கவில்லை.

இன்னும் யாரை யார் பிடிக்க வேண்டும் என்று கேட்டாய். உன் வாப்பா செத்த அன்று உனக்கு மூன்று வயது, பக்ரிக்கு ஒன்று. உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பார்த்தவன், சொல்கிறேன்.

தண்ணீர் முறை நமக்கு உச்சிவேளை வரை. தாஹி அதற்கு முன்பே மடையைத் தன் பக்கம் திறந்தான். ருஷ்வான் குனிந்து மண்ணை அள்ளிப்போட்டு அடைத்தான். "கைய எடு ருஷ்வான், இல்லேன்னா கையே இருக்காது" என்றான் தாஹி. உன் வாப்பாவுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம். "ஒன் அருவா கரும்பையே ஒழுங்கா வெட்டாது, என்னையா வெட்டப்போவுது?" என்றான். முதல் வெட்டு மணிக்கட்டில். இரண்டாவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே. அரிவாள் எலும்பில் மாட்டிக்கொண்டது. தாஹி அவன் நெஞ்சில் காலை ஊன்றி இழுத்து எடுத்தான். மூன்றாவது தேவையில்லாதது. அதையும் போட்டான். நான் வரப்பில் ஓடிவந்துகொண்டிருந்தேன். என் மடியில் தலையை வைத்தபோது கழுத்து ஒரு பக்கம் திறந்து மூடியது. மடைத் தண்ணீர் சிவந்து நம் கரும்புக்கே பாய்ந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களைத் தடியால் அடித்து விரட்டினோம். பழிக்கு ரத்தம் எடுக்காத வீட்டில் துக்கம் வாங்குவது கிடையாது. தாஹி ஜெயிலுக்குப் போனான், திரும்பினான், நாம் தொடுவதற்குள் காய்ச்சலில் செத்தான். வெட்டியவன் கட்டிலில் செத்தால் அவன் வீட்டிலேயே சிறந்த ஆண் எவனோ அவன்தான் ஈடு. இத்தனை வருடம் ஜபாலி வீட்டில் சிறந்தவன் என்று யார் இருந்தான்? காலித், கழுதைத் தரகன். அவனைச் சுட்டால் தோட்டாவுக்கே வெட்கம் என்று விட்டுவைத்திருந்தோம்.

இப்போது நீ ஒருவனைச் சிறந்தவனாக்கிவிட்டாய் மகளே. நீ புகழப் புகழ அவன் ருஷ்வானுக்கு ஈடாகிறான். இரண்டாம் பகுதியை நிறுத்து. வீஸா இதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறான்.

தொஹாமி (கைரேகை)

---

கெய்ரோ
1 மார்ச் 1979

மதிப்புக்குரிய பெரிய வாப்பாவுக்கு, ரிஹாபின் சலாம். நலமா?

உங்கள் கடிதம் கைக்கு வந்தது பிப்ரவரி பதினைந்து. ஒலிபரப்பு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அதில் என்னென்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். பக்ரிக்கும் தெரியும். காலை ஏழு மணிக்கு ஆராய்ச்சிக்கூடத்து வாசலில், சுவரோரத் தேநீர் வண்டியில் நின்றபடியே குடிப்பார், நான்கு கரண்டி சர்க்கரை போடுவார், பச்சைத் தோல்பையை ஒருபோதும் கீழே வைக்க மாட்டார். என் குரலில்தான் சொன்னேன். அழகாகச் சொன்னதாக நிலையத்தில் பாராட்டினார்கள்.

மறுநாளே அவரிடம் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தேள் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"ஒங்க வாப்பா பேரு ருஷ்வான்தானே?"

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே. அனுமதிச் சீட்டுல முழுப் பேரையும் எழுதினீங்களேம்மா."

"தெரிஞ்சுமா என்கிட்ட பேசினீங்க?"

"தேளப் பத்தித்தானே கேட்டீங்க" என்றார். பிறகு, கழுதை மயிர்க் கதையைத் தெரிந்தேதான் சொன்னாரா, தெரியாமல் வாயில் வந்ததா என்று கேட்டேன். அவர் ஒரு தேள் பெட்டியைத் திறந்து கரப்பானைப் போட்டார். தேநீர் குடிக்கும் இடத்தையாவது மாற்றுங்கள் என்று கெஞ்சினேன்.

"டீக்கடைய மாத்தினா அப்புறம் வீட்ட மாத்தணும், அப்புறம் பேர மாத்தணும். அதெல்லாம் ஒரு தடவ மாத்தியாச்சும்மா."

மூன்றாம் பகுதியை நிறுத்திவிட்டேன். பக்ரி என்ன செய்கிறான்?

ரிஹாப்

---

நஜ் அல்-ஹல்ஃபா
16 மார்ச் 1979

மகள் ரிஹாபுக்கு, துஆ. இன்று வெள்ளிக்கிழமை, தபால் நிலையம் பூட்டு. வீஸா பின்கதவால் என்னை உள்ளே விட்டான். நாங்கள் இருவர் மட்டும்தான் இருக்கிறோம். அதனால் இதைச் சொல்கிறேன்.

பக்ரி சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறான். ஏழு மணி, தேநீர் வண்டி, பச்சைப் பை. துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிறான். அவனை நிறுத்த என்னிடம் ஒரே ஒரு சொல் இருக்கிறது. அதை இருபத்தெட்டு வருடமாக விழுங்கி வைத்திருக்கிறேன்.

உன் வாப்பாவைப் புதைத்த ஏழாம் நாள் காலை, தாஹியின் மனைவி பையனைக் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்கு வந்தாள். அவர்கள் வருவார்கள் என்று தெரிந்து நாணலுக்குள் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவன் நான். எழுந்து நின்றேன். அவள் கத்தவில்லை, மகனை முன்னால் தள்ளினாள். இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சுடு என்பது போல. பையன் கையில் தகர டப்பா.

"என்னடா அதுல?"

"தேளு."

"கொட்டாதா?"

"வாலப் புடிச்சா கொட்டாது. பாக்குறியா?"

நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி இருக்கிறது, அவன் டப்பாவைத் திறந்து என் மூக்குக்குக் கீழே நீட்டுகிறான். மஞ்சள் தேள். நானும் பார்த்தேன். பார்த்தபிறகு சுட முடியவில்லை. படகுக்காரனிடம், "இவங்க என் அடைக்கலம், அக்கரையில பத்திரமா எறக்கு" என்று என் வாயால் சொன்னேன். ஊரில் வந்து, தப்பிவிட்டார்கள், பிடிக்க முடியவில்லை என்றேன்.

அண்ணன்காரன் அடைக்கலம் கொடுத்தவனைத் தம்பி மகன் சுடக்கூடாது. அது நம் சட்டம். ஆனால் அதைச் சொன்னால் ருஷ்வானின் ரத்தத்தை விற்றவன் நான் என்று ஆகும். சொல்லலாமா? உன் பதிலைப் பார்த்து முடிவு செய்கிறேன். உடனே எழுது.

தொஹாமி (கைரேகை)

பி.கு. இது வீஸா நான் சொந்தமாக எழுதுவது. சொல்லி முடித்தபிறகு கிழவன் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. சீக்கிரம் பதில் போடு மகளே.

---

நஜ் அல்-ஹல்ஃபா
4 ஏப்ரல் 1979

மகள் ரிஹாபுக்கு. நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை, மன்னித்துக்கொள்.

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நேற்று பக்ரி பயணப் பையைக் கட்டினான். அதற்குமேல் காத்திருக்க முடியாமல் முற்றத்தில் வைத்துச் சொன்னேன். படகுத்துறை, டப்பா, அடைக்கலம், எல்லாவற்றையும்.

பக்ரி என் கைத்தடியைப் பிடுங்கினான். "எங்க வாப்பா கழுத்தறுந்து கெடக்கறப்ப நீ தேளு வேடிக்கை பாத்தியா?" என்றான். முதல் அடி காதில். குறுக்கே நீட்டிய இடக்கை முழங்கைக்குக் கீழே முறிந்தது. சத்தம் கரும்பு ஒடிகிற மாதிரிதான் இருந்தது. முன்பல் இரண்டு மண்ணில் விழுந்தன, ஒன்றைக் கோழி கொத்திக்கொண்டு போனது. உன் உம்மா வாசற்படியில் நின்றாள். தடுப்பாள் என்று நினைத்தேன். "இன்னும் ஒண்ணு போடு" என்றாள்.

"அடைக்கலம் குடுத்தவன் ஆம்பளையா இருந்தாத்தான் அந்தச் சட்டம்" என்று சொல்லிவிட்டு பக்ரி வெளியே போனான். சனிக்கிழமை ரயிலில் கெய்ரோவுக்குக் கிளம்புகிறான்.

தந்தி கொடுக்கலாம் என்றான் வீஸா. தந்தி மேசையில் இருப்பவன் நம் பங்காளி மகன். அதனால் இந்தக் காகிதத்தை நம்பியிருக்கிறேன். அந்த மனிதனை வாசலுக்கு வரவிடாதே. சுடுவதற்கு முன் தகப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். கூப்பிடாமல் சுட்டால் அது பழி இல்லை, வெறும் கொலை. கூப்பிட்டால் திரும்ப வேண்டாம் என்று சொல். திரும்பாதவனைச் சுட முடியாது.

தொஹாமி (கைரேகை)

---

கெய்ரோ
14 ஏப்ரல் 1979

பெரிய வாப்பாவுக்கு, ரிஹாபின் சலாம். உங்கள் கை எப்படி இருக்கிறது? யார் கட்டுப்போட்டார்கள்?

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமையே எல்லாம் நடந்துவிட்டது.

படகுத்துறைக் கடிதத்துக்கு நான் ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்பீர்கள். ஏழு முறை எழுதினேன். பாதிக் கடிதங்களில் உங்கள் கையை முத்தமிட்டேன். மீதியில், என் வாப்பாவை விட்டுக்கொடுக்க நீங்கள் யார் என்று கேட்டேன். எதையும் தபாலில் போடவில்லை. நான் ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் முன்பே சொல்லியிருப்பீர்கள், அவனை நிறுத்த ஊரில் யாராவது இருந்திருப்பார்கள். அது எனக்குத் தெரியும்.

அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து தினமும் ஏழு மணிக்கு அந்த வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான் பக்கத்தில் நின்றால் பக்ரி சுட மாட்டான் என்று நினைத்தேன். ஞாயிறன்று சாலையைக் கடந்துகொண்டிருக்கும்போது அவன் குரல் கேட்டது. "தாஹி மகனே!"

தேநீர் வண்டியைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர். யாரும் திரும்பவில்லை. அவரும் திரும்பாமல் இருந்திருக்கலாம். கோப்பையை வண்டிமேல் வைத்தார். பச்சைப் பையையும் வைத்தார். திரும்பி, "நான்தான்" என்றார்.

தோட்டா கழுத்தோரம் நுழைந்து தாடையைப் பிளந்து வெளியே போனது. கீழே விழுந்தவரின் வாயிலிருந்து பற்களும் ரத்தமும் தேநீரும் சேர்ந்து வந்தன. கழுத்தை என் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தேன். விரலிடுக்கில் சூடாகப் பீறியது. பக்ரி என்னைப் பார்த்தான். "அக்கா, கைய எடு" என்றான். நான் எடுக்கவில்லை. அவன் ஓடினான்.

நுஃமான் சாகவில்லை. மூன்று முறை அறுவை செய்தார்கள். பேச முடியாது. போலீஸ் அதிகாரி காகிதமும் பேனாவும் கொடுத்துக் கேட்டார். "பார்க்கவில்லை" என்று எழுதினார். என்னைக் கேட்டார்கள். நானும் பார்க்கவில்லை என்றேன். நான் சொன்னது எதற்கு என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னது எதற்கு?

ரிஹாப்

---

நஜ் அல்-ஹல்ஃபா
3 மே 1979

மகள் ரிஹாபுக்கு, பெரிய வாப்பாவின் துஆ. வீஸாவின் மனைவி பேரீச்ச மட்டை வைத்துக் கட்டினாள். கை சேரும், கொஞ்சம் கோணலாகச் சேரும்.

உன் தம்பி பத்து நாள் மலையோரம் ஒளிந்திருந்துவிட்டு வந்தான். "முடிச்சிட்டேன்" என்றான். வானத்தை நோக்கிச் சுட்டார்கள். உன் உம்மா இருபத்தெட்டு வருடக் கறுப்பைக் கழற்றினாள். துக்கப் பந்தல் போட்டார்கள். ஏழு ஊர் வந்து பக்ரியின் கையைக் குலுக்கியது. அன்று விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகள் வந்து ருஷ்வானுக்குத் துக்கம் கேட்டார்கள். நான் ஒரு மூலையில் இருந்தேன், என்னோடு யாரும் பேசவில்லை.

மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. வீஸா அதைப் பந்தலுக்கே கொண்டுவந்து என் காதில் ஓதினான். "அந்த ரெண்டு வரிய மட்டும் சத்தமாப் படி" என்றேன். "ஒன்னயும் அடிப்பாங்க, என்னயும் அடிப்பாங்க" என்றான். "எனக்கு இன்னும் ஒரு கை இருக்குல்ல, படி."

அவன் படித்தான். நுஃமான் சாகவில்லை. போலீசிடம் யாரையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

பந்தலில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தவர் பாதி வசனத்தில் நிறுத்தினார். காபியை வாயருகே கொண்டுபோனவர்கள் கீழே வைத்தார்கள். உயிரோடு இருப்பவனின் ரத்தத்துக்குத் துக்கம் வாங்கிய வீடு என்று இந்த ஆற்றங்கரை முழுக்க இனி நம்மைத்தான் சொல்வார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்துபோனார்கள். கடைசியில் போன கிழவர் பக்ரியிடம், "போலீஸ்கிட்ட பேரு சொல்லாதவன் எதுக்குச் சொல்லலன்னு தெரியும்ல தம்பி? தானே வருவான்" என்றார்.

பக்ரி முகம் சாம்பலாகிவிட்டது. நீ கேள்வி கேட்பவள். அவரிடம் இதையும் கேள். வருவாரா?

தொஹாமி (கைரேகை)

---

கெய்ரோ
16 ஜூன் 1979

மதிப்புக்குரிய பெரிய வாப்பாவுக்கு, ரிஹாபின் சலாம். உங்கள் கை சேர்ந்துவிட்டதா? இதையும் வீஸா மாமா தனியாகவே படிக்கட்டும்.

தாடைக் கம்பியைப் போன வாரம் எடுத்தார்கள். பேசுகிறார், எச்சில் ஒழுகுகிறது, துடைத்துக்கொண்டே பேசுகிறார். நான் ஒலிப்பதிவுக் கருவியை எடுக்கவில்லை. "போடுங்க, நீங்க அது இல்லாம கேக்க மாட்டீங்களே" என்றார். போட்டேன்.

"டாக்டர், அன்னைக்கு என்ன பாத்தீங்க?"

"எட்டடி தூரம். வலக்கை. விரல் நுனி வெளுத்திருந்துச்சு. சுடறப்ப கண்ண மூடிக்கிட்டான். அதனாலதான் நான் பொழச்சேன். இடப்பக்கம் ஒரு பல்லு தெத்துப்பல்லு. ஒங்களுக்கும் அப்படித்தான் இருக்கு."

"இவ்வளவையும் பாத்துட்டு, பாக்கலன்னு ஏன் எழுதினீங்க?"

"சொன்னா ஜெயில்ல வெப்பாங்க. அங்க நிம்மதியாத் தூங்குவான். கம்பிக்குள்ள யாரு வரப்போறா? நான் இருபத்தெட்டு வருசம் வாசலப் பாத்தே உக்காந்தவன்மா. கல்யாணத்தன்னைக்கும் அப்படித்தான். அவனும் கொஞ்சம் பாக்கட்டும்."

"அப்ப நீங்க போவீங்களா?"

அவர் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வருகிறது.

"எனக்குத் தேளுக்குத் தீனி போடவே நேரமில்ல."

பிறகு உங்களைப் பற்றிக் கேட்டார். படகுத்துறையில் துப்பாக்கி வைத்திருந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று. இருக்கிறார், ஒரு கை கோணலாக, என்றேன். கையை நீட்டி ஒலிப்பதிவை அவரே நிறுத்தினார். நாடாவை அன்றே அழித்துவிட்டேன். இது உங்களுக்கு மட்டும். பக்ரியிடம் என்ன சொல்வது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

அன்புடன்
ரிஹாப்

---

நஜ் அல்-ஹல்ஃபா
6 ஜூலை 1979

அன்பு மகள் ரிஹாபுக்கு, பெரிய வாப்பா தொஹாமியின் சலாமும் துஆவும். நீ நலமாயிருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டது, எருமை தண்ணீரை விட்டு வர மறுக்கிறது. உன் உம்மா மறுபடியும் கறுப்பு உடுத்திவிட்டாள். இன்றும் வெள்ளிக்கிழமை, பின்கதவு.

உன் கடிதத்தை வீஸா இரண்டு முறை படித்தான். பிறகு நான் சொல்லாமலே அடுப்பில் போட்டான். அந்த மனிதர் வரமாட்டார் என்பது இந்த ஊரில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

உன் தம்பி இளைத்துவிட்டான். தேநீர்க்கடையில் சுவரில் முதுகைச் சாய்த்தால்தான் உட்காருகிறான். கரும்புக்குள் தனியாக இறங்குவதில்லை. வயலுக்கு ஒரு நாள் போன வழியில் மறுநாள் போவதில்லை. போலீசிடம் பேரைச் சொல்லாத தாஹி மகன்தான் உண்மையான தெற்கத்தியான் என்று ஊர் மெச்சுகிறது. கழுதைத் தரகன் காலித் கூட நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான். உன் தம்பி எதிரே வந்தால் முன்பெல்லாம் வழிவிடுவான், இப்போது விடுவதில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று பக்ரிக்குப் பேசி வைத்திருந்த வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அவன் என் ரத்தம். பார்க்கப் பொறுக்கவில்லை.

மூன்று மாதம் என் முகத்தில் விழிக்காதவன், நேற்று தபால் நிலையத்துக்கே வந்தான். வீஸா தபால்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தான். பக்ரி கதவை மூடி, கதவில் சாய்ந்து நின்றான். என் கோணல் கையைப் பார்த்தான். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பெரிய வாப்பா, ஒங்களுக்குத்தான் அவனத் தெரியும். அக்கா எதாவது எழுதுச்சா? அவன் வருவானா?"

என் வாயில் பல் இருந்த இடத்தை நாக்கு தேடியது. ஒரு சொல் சொன்னால் அவன் அன்றே நன்றாகத் தூங்குவான். நன்றாகத் தூங்கி எழுந்தால் பாதியில் விட்டதை முடிக்க மறுபடியும் அந்தச் சனிக்கிழமை ரயிலைப் பிடிப்பான்.

"வருவான்" என்றேன்.

வீஸா தலையை நிமிர்த்தாமல் அடுத்த உறைக்கு முத்திரை குத்தினான்.

உன் பெரிய வாப்பா
தொஹாமி (கைரேகை)